இரண்டு தூளிக்கு ஒரு தார்ப்பாய்

ராவுத்தர் துணிச் சுருளை மேசைமேல் தள்ளி விரித்ததும் அந்த வாசனை எழுந்தது. சிலிக்கான் பூசிய புதுத் துணியின் வாசனை. புது மழைக்கோட்டைப் பிரிக்கும்போது வருமே, அது. உனக்குப் பிடித்தது. எனக்குத் தலைவலி தருவது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கத்திரியை எடுத்தார்.

"ஒண்ணாத் தைக்கட்டுங்களாம்மா, ரெண்டாவா?"

இதே கேள்வி போன வருடம் ஆடி மாதத்தில் உன் எண்ணிலிருந்து எனக்கு வந்தது. "ராவுத்தர் கத்திரியோட நிக்கறாரு அம்மணி. ஒண்ணா, ரெண்டா?" படித்தேன். பதில் அனுப்பவில்லை. நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் அன்னூரில் உன் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், நிறையச் செருப்புகளுக்கு நடுவில்.

அந்த நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. தார்ப்பாயைப் பற்றி எழுதுகிறேன்.

*

தார்ப்பாய் இப்போது எதற்கு என்று கேட்பாய். உன் அம்மாவுக்கு.

அதற்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தார். நான் சென்னையில், அலுவலகப் படிக்கட்டில் நின்று பேசினேன்.

"தோட்டத்து மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்களாம் கண்ணு. என்ற தங்கச்சி சொன்னா. யாவாரி வந்து நெம்பர் போட்டுட்டுப் போயிட்டானாம். அதுக்கு முன்ன ஒருக்கா நீ என்னைய அங்க கூட்டிட்டுப் போகோணும்."

"போலாமுங்கம்மா."

"சும்மா பாத்துட்டு வர்றதுக்கில்ல. அவ படுத்த மாதிரி நானும் படுக்கோணும். மழை வரோணும். எம்புள்ள அத்தன சனிக்கிழமையும் அங்க என்னத்தப் பண்ணிட்டிருந்தாளுன்னு எனக்குத் தெரியோணும்."

அந்தச் சனிக்கிழமைகளில் உனக்குக் கூடுதல் வேலை என்றுதான் உன் அம்மாவிடம் சொல்லியிருந்தாய். நீ சொன்னது மட்டுமில்லை. ஒருமுறை உன் போனை என்னிடம் நீட்டினாய். நான் தூளியில் மல்லாந்து படுத்தபடியே, "ஆமாங்கம்மா, இன்னைக்கும் வேலை இருக்குதுங்க" என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் என் தூளியும் குலுங்கியது. தோட்டத்துக்காரரான உன் சித்தியும் சொல்லவில்லை. நீ போய் நாற்பது நாள் கழித்து, உன் அலமாரியில் பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டலம் கிடைத்தபோதுதான் உன் அம்மா தங்கையைக் கேட்டிருக்கிறார். தங்கை சொல்லிவிட்டார்.

ஆகவே ஒரு மதியம். ஒரு மழை. உன் அம்மா நனையக் கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

*

பீளமேட்டில் அந்தத் துணிப் பரிசோதனைக் கூடத்தில் உன் வேலை கிழிப்பது. இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் துணித் துண்டைக் கவ்வக் கொடுத்து, அது கிழியும்வரை இழுப்பாய். எந்த விசையில் கிழிந்தது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. மாதிரி எண். நீளவாக்கு. குறுக்குவாக்கு. முடிவு.

"துணியக் கிழிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கற ஊரு நம்மூரு ஒண்ணுதான்" என்பாய்.

திருப்பூரில் யாரோ கழித்துப் போட்ட பாராசூட் நைலானை வாங்கி வந்து இரண்டு தூளி தைத்ததும் நீதான். பச்சை எனக்கு, பழுப்பு உனக்கு. கடைகளில் அதை ஹேமக் என்கிறார்கள். நாம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு முனையிலும் சுருக்கிக் கட்டி மரத்தில் தொங்கவிட்டால் தூளி. உள்ளே குழந்தைக்குப் பதிலாக அறிக்கை எழுதிக் களைத்த ஒருத்தி.

எனக்கு ஞாயிறு காலை பூசை. உனக்கு ஞாயிறு அன்னூர். மிஞ்சியது சனிக்கிழமை மதியம். தொண்டாமுத்தூருக்கும் அப்பால், மலையைப் பார்த்த உன் சித்தியின் தோட்டம். முகாம் என்று பெயர்தான். ஒரு இரவுகூட நாம் அங்கே தங்கியதில்லை. அந்தி சாய்ந்தால் யானை இறங்கும். அங்கே எல்லோரும் அதைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். பகலில் மட்டும் முகாம் போட்ட ஆட்கள் நாம் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் சித்தி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தது நினைவிருக்கிறது.

"கல்யாண வயசுல தூளி கட்டிப் படுக்கறவிய உங்க ரெண்டு பேரத்தான் பாக்கறேன்."

"ஆட்டி உட ஆளில்லீங் சித்தி. அதான் நாங்களே ஆடிக்கறோம்" என்றாய்.

சித்தி சிரிக்கவில்லை. தென்னைக்கடியில் கட்டக் கூடாது, மட்டை விழுந்தால் மண்டை போய்விடும் என்றார். மலைவேம்புக் காட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அஞ்சு மணிக்குமேல் ஒரு நொடி இருக்கக் கூடாது. நாம் தலையாட்டினோம். கிளம்பப் போனவர் திரும்பி வந்தார்.

"ஒருத்தி அக்கட்டால, ஒருத்தி இக்கட்டால படுக்கற வேலையெல்லாம் வேண்டாம். ஒட்டுக்காப் படுங்க. ஒரே கூரைக்கடியில. ஒருத்தி கூப்புட்டா ஒருத்திக்குக் கேக்கோணும். இல்லீன்னா உங்கம்மாளுக்கு இப்பவே போனப் போட்டுருவேன்."

ஒரே கூரை என்ற யோசனை நம்முடையது இல்லை. சித்தியின் மிரட்டல்.

*

ஒட்டுக்காப் படுப்பது எளிதில்லை என்பது கட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மலைவேம்பு பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக, வரிசை வரிசையாக நின்றது. ஆளுக்கொரு வரிசையில் கட்டினால் நடுவில் பன்னிரண்டு அடி. அத்தனை அகலத்துக்குக் கூரை போட்டால் அதற்குப் பெயர் பந்தல். அதே இரண்டு மரத்தில் இரண்டையும் கட்டினால் இரண்டும் நடுவில் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உன் முழங்கை என் விலாவில்.

நீ வேலியோரமாகப் போய் இரண்டு மூங்கில் கம்பு வெட்டிக்கொண்டு வந்தாய். மூன்றடி, மூன்றடி. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, இரண்டு தூளியின் கயிறுகளையும் விலக்கிப் பிடிக்கும்படி குறுக்கே கட்டினாய். தூளிகள் விலகின. ஆனால் ஒரே மரம், ஒரே கம்பு. நீ புரண்டால் கம்பு சாயும், நான் ஆடுவேன். நான் புரண்டால் நீ.

ஆகவே ஒரு வழக்கம் வந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. புரள்வதற்கு முன் சொல்ல வேண்டும்.

"திரும்பறேன்."

"ம், திரும்பு."

அதன் பிறகு திரும்புவது. மதியம் முழுவதும் நாம் பேசியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

*

முதல் கூரை சித்தியின் நீலத் தார்ப்பாய். கொப்பரை காயப் போடுவது. தேங்காய் எண்ணெய் வாசம். வெயிலில் இற்று, உயர்த்திப் பிடித்தால் நட்சத்திரம் போல ஊசி ஓட்டைகள். முதல் தூறலில் உன் நெற்றியில் மட்டும் ஒரே இடத்தில் சொட்டியது. நீ நகரவில்லை. எத்தனை நொடிக்கு ஒரு சொட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாய்.

நல்லதாக ஒன்று வேண்டும் என்று முடிவானது. அதற்கு மூன்று மாதம் பேசினோம். வேறு எதைப் பற்றியும் நாம் அவ்வளவு பேசியதில்லை.

எனக்கு இணையத்தில் பார்த்த ஆறுமூலைத் தார்ப்பாய் பிடித்திருந்தது. ஓரங்கள் வளைவாக உள்வாங்கி, பறவை சிறகை விரித்தது போல. காற்றில் படபடக்காது என்று போட்டிருந்தது. நீ படத்தைப் பார்த்துவிட்டு, என் அறிக்கைத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வரைந்தாய்.

"அழகாத்தான் இருக்குது. ஓரத்தை உள்ள வளைச்சு வெட்டிட்டாங்க பாரு. ஒருத்தி படுத்தாப் போதும். ரெண்டு பேருன்னா வெளித்தோளு நனையும்."

"யார் தோளு?"

"ரெண்டு பேருதும்."

நாலு மூலைச் செவ்வகம்தான் என்றாய். மரத்துக்கு மரம் பன்னிரண்டடி, ஆகவே முகட்டின் நீளம் பதினோரு அடி. தூளியின் இரண்டு முனையையும் தாண்டி ஒரு முழமாவது வேண்டும். அகலம்தான் சிக்கல். இரண்டு பேர் படுக்க ஆறடி. பக்கச் சாரலுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. தரையில் பத்தடி நிழல் விழ வேண்டுமென்றால், சரித்துக் கட்டும் துணி பதினாலு அடியாவது இருக்க வேண்டும். நீ கணக்குப் போடும்போது நாக்கின் நுனி வெளியே தெரியும்.

கோட்டைமேட்டுச் சந்தில் ராவுத்தரின் கடையைக் கண்டுபிடித்தோம். லாரித் தார்ப்பாய் தைப்பவர்.

"லாரிக்குங்களா?"

"இல்லீங்க."

"மஞ்சள் காயப் போடவா?"

"தூளிக்குங்க" என்றாய். "ரெண்டு தூளிக்கு."

அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரெட்டப் புள்ளைங்களா?"

"ஆமாங்க. ஒண்ணு அம்பத்தெட்டுக் கிலோ. ஒண்ணு அறுவத்திரண்டு."

அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து நாம் அவருக்கு ரெட்டைப் பிள்ளைகள்.

தையல் எங்கே வரும் என்று நீ அவரிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாய். ஊசி போகிற இடமெல்லாம் ஓட்டை என்பது உன் வாதம். துணியின் அகலம் ஐந்தடி. இரண்டு துண்டு போதாது. நாலு துண்டு வைத்தால் தையல் சரியாக முகட்டில் வரும், இழுவை முழுவதும் அதன்மேல் விழும். மூன்று துண்டு. நடுத் துண்டு முகட்டின் இரு பக்கமும் சரியட்டும். மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஏறி மடியட்டும், ஓடு வேய்கிற மாதிரி. ராவுத்தர் கேட்டுக்கொண்டு, "இதைத்தானுங்கம்மா நானும் மொதல்ல சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அந்தத் துணியை நீ உன் செலவில், உன் ஓய்வு நேரத்தில் சோதித்தாய். நீர் அழுத்தம். கிழிவிசை. ஒரு இரவு முழுவதும் வாளித் தண்ணீரைத் தாங்கவைத்து அடியில் செய்தித்தாள். தாள் காய்ந்திருந்தது. என்னை ஒரு பொய் அறிக்கை எழுதித் தரச் சொன்னாய், விளையாட்டுக்கு. எழுதினேன். பயன்: இரண்டு பெண்கள். முடிவு: தேர்ச்சி.

*

பிழை துணியில் இல்லை.

கயிறு பட்டையை அறுக்கும் என்று சித்தி பயந்தார். விற்கிற மரம். அகலமான நாடா கட்ட வேண்டும் என்று நீ சொன்னாய். நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. கட்டில் நாடா. நாலு விரல் அகலம், நல்ல முறுக்கு, சுத்தமான பருத்தி. வாங்கிவந்து தடவிப் பார்த்து மெச்சிக்கொண்டோம்.

ஆனி மாதம். மழை வந்தது. மூன்று மணி வாக்கில் மலை முதலில் மறைந்தது, பிறகு தென்னைகள், பிறகு அடுத்த வரிசை மலைவேம்பு. தார்ப்பாய் பிரமாதமாக நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நீ எழுந்து உட்கார்ந்து, தையலுக்கு நேர்கீழே உள்ளங்கையை வைத்து, காய்ந்த கையை எனக்குக் காட்டினாய்.

பத்து நிமிடத்தில் என் முதுகு குளிர்ந்தது. பிறகு இடுப்பு. மேலே பார்த்தேன். காய்ந்த கூரை. கீழே பார்த்தேன். நான் ஒரு குட்டையில் படுத்திருந்தேன்.

மரத்தில் வழிந்த தண்ணீரைப் பருத்தி நாடா குடித்து, கூரைக்கடியில் நடத்திக் கூட்டிவந்து, தூளிக்குள் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமிருந்தும். இருவருக்கும்.

பருத்தி எத்தனை நொடியில் எத்தனை அங்குலம் தண்ணீரை இழுக்கும் என்று மாதம் தவறாமல் அறிக்கை எழுதியவள் நான். அந்தச் சோதனையைச் செய்தவள் நீ. கோயமுத்தூரில் வேறு யாராக இருந்தாலும் கையில் கிடைத்த பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டி, நனையாமல் தூங்கியிருப்பார்கள்.

நீ நாடாவைப் பிழிந்து பார்த்தாய். பிறகு, "நாம ரெண்டு பேரும் நாளைக்கு வேலையை உட்டுப் போடலாம்" என்றாய்.

சிரித்தது அதுவரைதான். நாலேமுக்காலுக்கு அவிழ்க்கப் போனோம். நனைந்த பருத்தி உப்பி, முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்தாய். மேற்கே யாரோ பட்டாசு வெடித்தார்கள், ஒன்று, பிறகு மூன்று. பக்கத்துத் தோட்டத்தில் பெரியவர் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். சித்தி தலையில் சாக்கோடு, கையில் அரிவாளோடு ஓடிவந்தார்.

"அவுத்துட்டிருக்கறீங்களா, இல்ல மருதமலைக்கு நேந்து முடிச்சுப் போட்டுட்டிருக்கறீங்களா? தள்ளுங்கொ!"

"சித்தி, துணிய மட்டும் வெட்டிராதீங்..."

"துணி கெடக்குது. உசுரு முக்கியமா, துணி முக்கியமா?"

நாலு வெட்டில் தூளிகள் விழுந்தன. அவற்றை வாரிக்கொண்டு ஓடினோம். தார்ப்பாய் அங்கேயே நின்றது. ஓடும்போது நீ இரண்டு முறை திரும்பிப் பார்த்தாய்.

மறுநாள் சித்தி படம் அனுப்பினார். சேற்றில் தார்ப்பாய், நடுவில் பெரிய வட்டமாக ஒரு கால்தடம், அதிலிருந்து ஒரு கிழிசல். கீழே எழுதியிருந்தார்: பெரியவரு போட்டுப் பாத்துட்டுப் போயிருக்கறாரு, பத்தலையாட்ட இருக்குது.

நீ அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கிழிசலின் ஓரத்தைப் பார்த்தாய். "நீளவாக்குல போயிருக்குது" என்றாய். அவ்வளவுதான்.

*

அன்று திரும்பும் பேருந்தில் நடந்ததை எழுத வேண்டும். இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் போல.

இருவரும் நனைந்து, கடைசி இருக்கையில். என் பைக்குள் சென்னையிலிருந்து வந்த வேலைக் கடிதம் மூன்று நாளாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. அது நனைந்துவிட்டதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இல்லை.

"தார்ப்பாய் இனிக் கிடைக்காது. அடுத்த தடவை ரெண்டா வாங்கிக்கலாம்" என்றேன். "ஆளுக்கொண்ணு. சின்னதா."

"ஏன்?"

"நீ திரும்பினா என் தூக்கம் போகுது."

அது உண்மைதான். சின்ன உண்மை.

"சித்தி ஒத்துக்க மாட்டாங்க."

"எல்லாத்துக்கும் சித்தியை ஏன் இழுக்கற?"

நீ கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தாய். பேரூர் தாண்டியது. பிறகு, என்னைப் பார்க்காமலே, தார்ப்பாயைப் பற்றிப் பேசும் அதே குரலில் சொன்னாய்:

"ரெண்டு கூரைக்கு நடுவுல ஒரு மழை பேயும் அம்மணி. ரெண்டு பக்கத்துத் தண்ணியும் அங்கதான் கொட்டும்."

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தச் செய்தி வந்தது. ஒண்ணா, ரெண்டா. ஒன்று என்றால் சென்னையை மறைக்க வேண்டும். இரண்டு என்றால் சென்னையைச் சொல்ல வேண்டும். நான் எதுவும் எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சோதனை நடத்தப்படவில்லை.

*

"அந்தப் புள்ள வரலீங்களா?" என்று ராவுத்தர் கேட்டார்.

சொன்னேன்.

அவர் கத்திரியைத் துணிமேல் வைத்தார். தெருவைப் பார்த்தார். உதடு அசைந்து, ஏதோ ஓதி முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள அன்னைக்கு ஒதுக்கி வெச்ச துணிய மூணு மாசம் பாத்துட்டு வித்துப் போட்டேனுங்கம்மா. எத்தனை நாளைக்கு வெச்சிருக்கறது. எனக்குத் தெரியாதுங்களே."

"பரவால்லீங்க."

"அதுக்கு ஒண்ணுதான் வேணும்னு இருந்துச்சு. அளவெல்லாம் ஒண்ணுக்குத்தான் எழுதியாந்துச்சு. வெட்டட்டுமான்னேன். 'இருங்க, அவ ஒரு வார்த்தை சொல்லட்டும்'னு நின்னுச்சு. ரெண்டு மணிக்கு வந்த புள்ள. சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொல்லி, நான் தொழுதுட்டு வந்து பாக்கறேன், இந்தா இங்கதான் உக்காந்திருக்குது, போனைப் பாத்துட்டு."

அவர் காட்டிய இடத்தில் ஒரு துணிச் சுருள் படுத்திருந்தது.

"இப்ப எத்தன பேரு படுக்கறதுங்க?"

"ரெண்டு பேர்."

"அப்ப...?"

"ஒண்ணு" என்றேன்.

கத்திரி ஓடும் சத்தம் நீளமாகக் கேட்டது. பதினோரு அடி. மூன்று முறை. தையலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரே மேல்துண்டைக் கீழ்த்துண்டின்மேல் ஏற்றி மடித்தார். மரத்தில் கட்ட இந்த முறை பாலியஸ்டர் நாடா வாங்கினேன். கடைசியாக, ஒரு முழம் பருத்தி நாடாவும் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

*

ஐப்பசி சனிக்கிழமை. உன் அம்மா அன்னூரிலிருந்து பேருந்தில் காந்திபுரம் வந்தார். கையில் ஒரு கட்டைப் பை, உள்ளே அந்தப் பழுப்புத் தூளி, இஸ்திரி போட்டு மடித்தது. நைலானை எப்படி உருகாமல் தேய்த்தார் என்று தெரியவில்லை.

உன் பழைய தார்ப்பாய் இப்போது சித்தியின் விறகுக் குவியலை மூடியிருக்கிறது, கிழிசலை மடித்துப் போட்டு. மலைவேம்பின் ஒவ்வொரு மரத்திலும் சிவப்பில் எண். நாம் கட்டும் இரண்டு மரங்கள் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

கட்டினேன். முகடு, நாலு மூலை, மூங்கில் கம்பு இரண்டு. பருத்தி நாடாவை நாலு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கட்டிலும் கூரைக்கு அடியில், தூளி தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னால் தொங்கவிட்டேன். உன் அம்மா கிட்டே வந்து பார்த்தார்.

"இது எதுக்குக் கண்ணு, காப்பு மாதிரி?"

"தண்ணி நாடா வழியா வருமுங்க. பருத்தி அதைப் பிடிச்சு இழுத்துக் கீழ சொட்ட உட்டுரும். உள்ள வராது."

"இத அவ கண்டுபுடிச்சாளா?"

"ரெண்டு பேரும் நனைஞ்சு கண்டுபுடிச்சோமுங்க."

அவர் தூளியின் விளிம்பை விரலால் நீவினார். "கோணலாத் தெச்சிருக்கறா" என்றார். மூன்று முறை முயன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏறி, விறைப்பாகப் படுத்தார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் என் பச்சையில்.

மழைக்கு அரை மணி நேரம் காத்திருந்தோம். வந்தது. துணிமேல் முதலில் தனித்தனியாக, பிறகு ஒரே சத்தமாக. பருத்தித் துண்டுகளின் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் விழ ஆரம்பித்தது. உன் அம்மா கையை முதுகுக்கடியில் விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"இவ்வளவுதானுங்க."

"இவ்வளவேதானா?"

"தூங்குவோமுங்க."

நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. கூரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"அம்மா, ஒருநாள் போன்ல நாந்தானுங்க உங்ககிட்ட வேலை இருக்குதுன்னு பொய் சொன்னது."

"தெரியும்."

"தெரியுமுங்களா?"

"மிசின் சத்தமே கேக்கல. குருவிதான் கத்துச்சு. லேபுக்குள்ள எங்கடா குருவின்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏனுங்க கேக்கல?"

"கேட்டா நிறுத்திப் போடுவா. எவனோ ஒரு பையனாட்ட இருக்குது, சொல்றப்ப சொல்லட்டும்னு உட்டுட்டேன்." மூச்சு விட்டார். "தூங்கியிருக்கறா பாரு. தூங்கறதுக்கா இத்தன பொய்யி? இதுக்குப் பையனே தேவலாம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும். கம்பு குலுங்கி இரண்டு தூளியும் ஆடின. பிறகு அவர் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மழைச் சத்தம் நிறைய இருந்தது, அவருக்குப் போதுமான அளவு.

அதன் பிறகு மெல்லிய குறட்டை. விளிம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்து உள்ளே விழுந்தது. நான் அசையாமல் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று கம்பு சாய்ந்தது. என் தூளி அசைந்தது, வலப்பக்கமாக ஒரு சாண், பிறகு திரும்பி. உன் அம்மா தூக்கத்தில் புரண்டு ஒருக்களித்திருந்தார்.

"ம், திரும்பு" என்றேன். அவர் எதுவும் சொல்லாமலே நான் சொல்லிவிட்டேன்.

நாலேமுக்காலுக்கு எழுப்பினேன். முடிச்சுகள் ஒரே இழுப்பில் அவிழ்ந்தன. ஐந்து மணிக்கு நாங்கள் சித்தியின் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். உன் அம்மாவின் சேலை எங்கும் நனையவில்லை. அதை அவர் தங்கையிடம் இரண்டு முறை சொன்னார்.

மரங்களை மறுவாரம் வெட்டிவிட்டார்கள். தூளி அன்னூரில் இருக்கிறது. தார்ப்பாய் என்னிடம்.

*

சென்னையில் என் அறையில் ஒரே கட்டில். சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். இரும்புக் கட்டில், நான் புரண்டால் ஆடுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் புரள்வதற்கு முன் வாய் சொல்கிறது.

திரும்பறேன்.

ஒரு மூச்சு நேரம் பொறுக்கிறேன். பிறகுதான் திரும்புகிறேன்.